ஈரக் குப்பி

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் மழைநாளில் அம்மா பறித்த கொழுந்தை நிறுக்கும்போது, கணக்கப்பிள்ளை ஈரத்துக்கென்று இரண்டு ராத்தல் கழித்துவிடுவார். அம்மா அதை ஒருநாளும் நம்பியதில்லை. அந்தச் சந்தேகத்தோடுதான் நானும் திருவனந்தபுரத்துக் கல்லூரிக்கு வந்தேன். எங்கள் வீட்டில் முதலில் பேனா பிடித்தவன் நான்.

அன்று ரசாயனச் செய்முறை வகுப்பு. ஹைப்போ கரைசலில் அமிலம் ஊற்றினால் கந்தகம் பிரிந்து பால்போலக் கலங்கும். குடுவைக்கு அடியில் தாளில் போட்ட பெருக்கல் குறி மறையும்வரை வினாடிகளை எண்ண வேண்டும். ஹைப்போவில் தண்ணீர் கூடக்கூட, குறி மறைய நேரமாகும். கணக்குச் சரியாக வந்தால்தான் ரிக்கார்டில் சார் ஒப்பு வைப்பார். ஒப்பில்லாதவனுக்குப் பரீட்சை கிடையாது. அன்றுதான் கடைசி நாள்.

பக்கத்து இடம் நாஞ்சில்நாட்டு வியாபாரி மகனுக்கு. என்னைப் பார்த்து அவன் சிரிப்பதே எனக்குப் பிடிக்காது. எல்லோரும் ஹைப்போ வாங்கும் குப்பியைக் கழுவிச் சுவரோரத்து மரமுளையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்கள். நான் வைக்கமாட்டேன். அவன் எதையாவது போட்டுவிட்டால்? கழுவிய கையோடு பிடித்துக்கொண்டு போய் ஹைப்போ வாங்குவேன்.

தண்ணீர் சேர்க்காத ஹைப்போவில் அவனுக்கு முப்பது வினாடியில் குறி மறைந்தது. எனக்கு முப்பத்தெட்டு. சந்தேகப்பட்டு, குப்பியை மூன்று தடவை கழுவிப் புதிதாக வாங்கினேன். நாற்பத்தொன்று.

மறுபடியும் கழுவிக்கொண்டு வந்து அவன்முன் நின்றேன். "நீதானே என் ஹைப்போல தண்ணி விட்டே?"

"எடே, குப்பி உன் கையிலதானே இருக்கு? எந்த ஓட்டை வழியாட்டு விடுவேன்?"

அந்தக் காலிக் குப்பியைப் பிடுங்கி அளவுக்குழாயில் கவிழ்த்தான். சொட்டிச் சொட்டி இரண்டு கோடு ஏறியது.

"ஆருக்க வெள்ளம்டே இது? எனக்கதா?"

மணியடிக்கக் கால்மணி நேரம்கூட இல்லை. முளையில் கவிழ்ந்திருந்த தன் குப்பியை எடுத்து நீட்டினான்.

"இன்னா, நல்லா காஞ்சது. சட்டுனு போய் வாங்கு."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மோந்தும் பார்த்தேன்.

"விஷம் இல்லைடே, நேரம் போகுது பாரு!"

முப்பத்தோராவது வினாடியில் குறி மறைந்தது. மற்ற அளவுகளையும் ஓட்டமாக ஓடி முடித்தேன். சார் ஒப்பு வைத்தார்.

இரண்டு குப்பிகளையும் நானே கழுவி, அடுத்தடுத்த முளைகளில் கவிழ்த்தேன். வாசல் தாண்டுமுன், என்னுடையது அங்கேயே இருக்கிறதா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.