மைத்துனனுக்காக எடுத்த அறை

என் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் தெரிந்ததும் எனக்கு வந்த முதல் யோசனை ஆபரேஷனைப் பற்றியது அல்ல. வாசுதேவநல்லூரிலிருந்து அவள் தம்பி பார்க்க வருவானே, எங்கே உட்கார வைப்பது என்பதுதான். இதை எழுதவே கூசுகிறது. அவன் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். எனக்குப் பெண் கொடுத்த அந்த வீட்டில் வயல், கிணறு, டிராக்டர் எல்லாம் உண்டு. எனக்கு இருப்பது தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் வாத்தியார் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டார் முன்னால் நெஞ்சை நிமிர்த்தியே நடந்து பழகிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் பார்க்கும் பெண் சேர்க்கும்போதே சொன்னாள். "சார், உங்க பாலிசிக்குச் சாதாரண ரூம்தான் வரும். ஏசி ரூம் எடுத்தா பணம் பிடிப்பாங்க."

"வித்தியாசத்த நான் கையில குடுத்திருதேம்மா," என்றேன்.

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் நிற்கவில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியலில் காப்பீட்டுப் பாடம் நடத்துகிறவன், எனக்குத் தெரியாததா? ஏசி, டிவி, வருகிறவர்களுக்கு நீளமான சோபா என்று அறை அமைந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன காலையில் பில் வாங்கப் போனேன். இன்சூரன்ஸ்காரர்கள் வாடகை வித்தியாசத்தோடு விடவில்லை. தகுதிக்கு மேல் அறை எடுத்தால், அதே விகிதத்தில் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் என்று எல்லாவற்றிலும் வெட்டுவார்களாம். பில்லில் கிட்டத்தட்டப் பாதி என் தலையில் விழுந்தது.

"அன்னைக்கே சொல்ல வந்தேன் சார்," என்றாள் அந்தப் பெண். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கையில் அவ்வளவு பணம் இல்லை. சாயங்காலம் மைத்துனன் வரப்போகிறான். பில் கட்ட வழியில்லாமல் நான் முழிப்பது அவனுக்குத் தெரியக் கூடாது; மனதில் அது ஒன்றுதான் இருந்தது. மனைவியிடம், "டாக்டர் இன்னும் ஒரு நாள் இருக்கச் சொல்லுதாரு," என்று பொய் சொன்னேன். மறுநாளைக்குள் யாரிடமாவது புரட்டிவிடலாம் என்று நினைப்பு. இன்னொரு நாள் வாடகை ஏறும் என்பதும் தெரியும். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? அவள் முகம் வாடிப்போயிற்று. கவனிக்காதவன்போல் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

மைத்துனன் ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தான். அக்காவிடம் நலம் விசாரித்துவிட்டு, "ரூம் பிரமாதமா இருக்கு அத்தான்," என்றான். எனக்கு உச்சி குளிர்ந்தது. அந்த நிலையிலும் குளிர்ந்தது, அதை என்னவென்று சொல்ல.

அப்போது நர்ஸ் உள்ளே வந்தாள். "என்னக்கா, இன்னும் கிளம்பலையா? காலையிலேயே டிஸ்சார்ஜ் எழுதியாச்சே. பில்லு மட்டுந்தான பாக்கி?"

மைத்துனன் என்னைப் பார்த்தான். போலீஸ்காரன் விசாரிக்கிற பார்வை இல்லை. அப்படிப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. "நான் பாத்துக்கிடுதேன் அத்தான். நமக்குள்ள என்ன இருக்கு," என்று எழுந்து கீழே போனான். தடுக்க நா எழவில்லை என்று எழுதலாம். உண்மையில் அப்பாடா என்றிருந்தது. அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன்.

அறையில் நாங்கள் இருவர் மட்டும். "ஒன் தம்பி வந்தா உக்கார நல்ல எடம் வேணும்லா, அதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு ஏசி ஒத்துக்கிடாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "ராத்திரி பூரா நடுங்கிக்கிட்டுத்தான் கெடந்தேன். நடுங்கும்போதெல்லாம் தையல் வலிச்சுது. நீங்க ஆசையா எடுத்த ரூமுன்னு பேசாம இருந்துட்டேன்."

ஒவ்வொரு ராத்திரியும் அவளுக்கு எட்டும் தூரத்தில்தான் படுத்திருந்தேன். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.