வியந்து பார்த்த சித்தாள்

நகரத்தில் இன்று நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற கட்டடங்களில் பாதி அந்தச் சித்தாளின் தலை வழியாகத்தான் மேலே போயின. டிராம் கொட்டகை, ஆற்றுப்பாலம், மணிக்கூண்டு எல்லாவற்றுக்கும் சாந்து சுமந்தவள். வேலையிடத்தில் அவளுக்குப் பெயர் 'சங்கு'. அவள் வாயைத் திறந்தால் ஆலைச்சங்கு தோற்றுவிடும்.

அறுபத்தைந்து வயதில் மகள் அவளைப் பழைய புகைப்படக் கண்காட்சிக்கு இழுத்துப்போனாள். நடுச்சுவரில் பாதி கட்டிய மணிக்கூண்டு. அதன் அடியில் காலிச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வாயைப் பிளந்து அண்ணாந்து நின்ற இளம்பெண் சாட்சாத் சங்குதான்.

கீழே இருந்ததை மகள் வாசித்தாள்: "வளரும் மணிக்கூண்டை வியந்து நோக்கும் தொழிலாளி."

எழுதியவர் சாந்துச்சட்டியைக் கனவில்கூடத் தொட்டிருக்க மாட்டார்.

"வியப்பா? எவன்டி எழுதினது?" சங்கு ஊதிவிட்டது. மண்டபமே திரும்பியது.

பொறுப்பாளர் ஓடிவந்தார். "தப்பா இருந்தா மாத்திடலாம்மா. அன்னைக்கு எதைப் பார்த்தீங்க?"

"மேல நின்ன கொத்தனார் ஒரு கரண்டி சாந்தை என் தலையில போட்டுட்டான். இவ அப்பன்தான். அவனைத் திட்டிக்கிட்டிருந்தேன்."

"என்னன்னு திட்டினீங்க?" பொறுப்பாளர் பேனாவைத் திறந்தார்.

சொன்னாள். நாற்பத்தைந்து வருஷம் கழித்தும் ஓர் எழுத்து குறையாமல் சொன்னாள். பக்கத்தில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மகள் மட்டும் அசரவில்லை. வீட்டில் அப்பாவுக்குத் தினமும் விழுவதுதான்.

பொறுப்பாளர் பேனாவை மூடிப் பைக்குள் சொருகினார்.

"வியப்புன்னே இருந்துட்டுப் போகட்டும்மா."