வர இயலாதோர் பட்டியல்

மெல்பேர்ணில் நான் போகும் தேவாலய மண்டபத்தில், மாதத்துக்கு ஒருநாள் கதிரைகள் திசை மாறிவிடும். ஊர்க்கோயிலில் எல்லோரும் பீடத்தைப் பார்த்துத்தான் பாடுவோம். இங்கே அன்றைக்கு நடுவை வெறுமையாக விட்டு, நான்கு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்தபடி. முதல்நாள் நான் பின்வரிசையைத் தேடி நிற்க, ஓர்கன் வாசிக்கும் அலன் சிரித்தார். "கேட்க வந்தாயா? அதற்கு இங்கே கதிரை இல்லை. பாடு." எனக்குக் குரல் சரியில்லை என்றேன். "என்னுடையது அதைவிட மோசம். சத்தமாகப் பாடினால் ஒருவருக்கும் தெரியாது."

ஞாயிறுகளில் ஓர்கன் வாசித்தாலும், அலனின் உயிர் இந்த வடிவக்குறிப் பாடலில்தான். முக்கோணம், வட்டம், சதுரம், வைரம் என்று வடிவங்களாக அச்சிட்ட சுரங்களை முதலில் ஃபா, சோல், லா, மி என்று பாடி, பிறகே சொற்களுக்குப் போவோம். வருடத்தில் ஒருமுறை ஒருவர் நடுவில் நின்று இரண்டு பட்டியல்கள் வாசிப்பார்: இறந்தவர்கள், வர இயலாதவர்கள். அப்பாவின் பெயரைக் கொடுத்தபோது, "இறந்துவிட்டாரா?" என்று அலன் கேட்டார். ஊரில் நடந்த போரின் கடைசியில் காணாமற்போனவர் என்றேன். பென்சிலைக் கடித்தபடி இருந்தார். "அப்படியென்றால் இன்றைக்கு வரவில்லை, அவ்வளவுதான்" என்று இரண்டாவது பட்டியலில் எழுதினார்.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பாவின் மரணச் சான்றிதழுக்காக அரசாங்கக் கந்தோரில் நீட்டிய படிவத்தையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். மை பூசிய பெருவிரலைச் சேலையில் துடைத்துவிட்டு, கைநாட்டு வைக்காமலே அம்மா எழும்பி வந்துவிட்டார். அன்றிலிருந்து எதையும் உரத்து வாசிக்க எனக்குப் பயம். ஒவ்வொரு வருடமும் பட்டியல் வாசித்த அன்று அம்மா ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்பார்:

"எந்தப் பக்கம் வாசிச்சவை, தம்பி?"

"வர ஏலாத ஆக்களின்ரை பக்கம்."

"அப்ப சரி."

இந்த வருடம் அலனும் போய்விட்டார். மாரடைப்பு. அவர் வழக்கமாக வாசிக்கும் பட்டியல்களை இந்தமுறை வாசிக்க என்னைக் கேட்டார்கள். புதிதாகப் பொறுப்பெடுத்த ஜூடி தட்டச்சு செய்த தாளைத் தந்தார். இறந்தவர்களில் அலன், அவருக்குக் கீழே அப்பா. "இத்தனை வருடமாகிவிட்டதே. உனக்கும் ஓர் ஆறுதல் வேண்டாமா?" என்றார். நானும் வழக்கம்போல, "தாங்க் யூ."

நடுவில் நின்றேன். முகத்தைத் திருப்பிக்கொள்ள ஒரு பக்கமும் இல்லை. அலனின் பெயரை வாசித்தேன். அடுத்த வரியில் நின்றுவிட்டேன். உச்சரிக்கத் திணறுகிறேன் என்று நினைத்து, ஜூடி அந்தப் பெயரை வாயசைத்துக் காட்டினார். நான் தலையசைத்து மறுத்து, இரண்டாவது பட்டியலுக்குத் தாவினேன். அதன் கடைசியில், தாளில் ஒன்றுமே இல்லாத இடத்தில், அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

ரயிலில் அம்மாவின் அழைப்பு.

"எந்தப் பக்கம்?"

"வர ஏலாத ஆக்கள், அம்மா."

"அந்த வெள்ளைக்காரர்தானே வாசிச்சவர்?"

"இல்லை. இந்தமுறை நான்தான் வாசிச்சனான்."

"நீ வாசிச்சா பிழையா இராது."

டண்டினொங்கில் இறங்கினேன். ஜூடி தந்த அந்தத் தாளைக் குப்பைத்தொட்டியில் போடவும் முடியாமல், வீட்டுக்குக் கொண்டுபோகவும் பயந்து, பிளாட்போமிலேயே நின்றுகொண்டிருந்தேன்.