பருப்பு வேகாத ஊருக்கு ஒரு பயணம்

நொய்யல் ஆற்றங்கரையோரமாகச் சைக்கிளில் போகத் திட்டம், பார்க்க என்ன இருக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் எழுபதுகளிலேயே பார்த்துவிட்டேன். சொல்கிறேன், பிறகு உங்கள் இஷ்டம்.

அப்போது எனக்குக் கோவையில் வேலை. என் உடன்பிறந்த சரசக்கா திருப்பூர்ப் பக்கம் வீரபாண்டியைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூட மதிய உணவுக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். சாயப்பட்டறைத் தண்ணீரால் பள்ளிக் கிணறு உப்பாகிவிட்டது, கலெக்டருக்கு மனு எழுத வா என்று சொல்லி அனுப்பினாள். காலை ஏழு மணி பஸ்ஸில் திருப்பூர், அங்கிருந்து டவுன் பஸ், கடைசி நான்கு கிலோமீட்டர் நடை. வாய்க்காலில் ஊதா நிறத்தில் நுரை போய்க்கொண்டிருந்தது. ஊருக்குள் நுழைவதற்குள் எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

மனுவை எழுதி முடித்தேன். கையெழுத்துப் போட ஊரே பள்ளிக்கூடத்தில் கூடியிருந்தபோது, பட்டறை முதலாளியே வந்து நின்றார். அந்த நாளில் மதிய உணவுக்கு அரசாங்கம் கொடுத்தது கொஞ்சம்தான், மீதியை ஊர் போட வேண்டும். பருப்பு முழுக்க அவர் உபயம்.

அக்கா குண்டாவை அவர் முன்னால் வைத்தாள். "காலையிலிருந்து கொதிக்குதுங்க. நசுக்கிப் பாருங்க."

அவர் நசுக்கினார். பருப்பு நசுங்கவில்லை. கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுத் துப்பினார். முகம் சுண்டிப்போயிற்று.

"சத்தியமா தெரியாதுங்கம்மா. நாளையிலிருந்து வண்டியில நல்ல தண்ணி வரும். பட்டறைய மட்டும் மூடச் சொல்லாதீங்க. அது நின்னா பருப்பும் நின்னுருமுங்க."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் குண்டாவைப் பார்த்தாள்.

"மனுவக் கிழிச்சுரு கண்ணு. புள்ளைங்களுக்கு வெறுஞ்சோறா போடறது?"

எனக்கு அவள்மேல் அப்படியொரு கோபம். ஆனால் அத்தனை பிள்ளைகளுக்கும் பருப்பு வாங்கிப் போட மாதச் சம்பளக்காரன் என்னால் முடியுமா? கிழித்துவிட்டேன்.

மறுநாள் தண்ணீர் வந்தது. பருப்பு மெழுகாக வெந்தது, பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். காலி வண்டியில் நான் திருப்பூருக்குக் கிளம்பினேன். தண்ணீர் எந்தக் கிணறு என்று வண்டிக்காரர் காதர் பாயிடம் கேட்டேன்.

"மேக்கால தோட்டத்துக் கெணறுங்க. கல்கண்டாட்டம் தண்ணி. முதலாளி அதையும் வாங்கிட்டாருங்க. அடுத்த பட்டறை அங்கதானுங்க."

"அப்புறம் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணி?"

அவர் மாட்டை அதட்டினார்.

இரண்டு வருடத்தில் அந்தக் கிணறும் உப்பாகி, வண்டி நின்றது. முதலாளி கெட்டவர் இல்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாதம் தவறாமல் பருப்பு மூட்டை வந்து இறங்கியது. தொழில் பெருகப் பெருக மூட்டையும் பெரிதாயிற்று. வேகவைக்க நல்ல தண்ணீர் இல்லாமல் அக்கா அதைப் பொட்டலம் கட்டிப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினாள். அவர்கள் வீட்டிலும் அதே தண்ணீர்தான்.

சைக்கிளில் போகிறவர்கள் மழைக்காலம் முடிந்ததும் போங்கள், வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், வழியில் எங்கும் கிடைக்கும். தண்ணீரை மட்டும் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள்.