அடிபம்பும் ஆய்வுக்குப்பியும்

மேடையேறி நான் வென்ற முதல் பரிசு ஓர் எவர்சில்வர் தம்ளர். இன்றும் அதில்தான் தண்ணீர் குடிக்கிறேன். என் அத்தை வீட்டுத் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது என்று ஊருக்கு அறிவித்ததற்காகக் கிடைத்த தம்ளர் அது.

வில்லியனூருக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில், மாதா கோயில் தெருவில், எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு அப்பாவின் அக்காவுடையது. மாமா இறந்து, மகளும் கடலூரில் வாழ்க்கைப்பட்டுப் போனபின் அத்தை அங்கே தனியாக இருந்தார். தனியாக என்றா சொன்னேன்? அவர் வாசலில் மாமா போட்டுவைத்த அடிபம்பு ஒன்று இருந்தது. தெருக்குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகாது. அத்தை வீட்டுத் தண்ணீரிலோ பூவாக மலரும். ஆகவே காலையும் மாலையும் பெண்கள் குடங்களோடு அங்கே கூடினார்கள். எந்தச் சம்பந்தம் எதனால் தட்டிப்போனது, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அந்தப் பம்படியில் விசாரணைக்கு வரும். அத்தை படியில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு வார்த்தை சொல்வார். குடம் நிரம்பிய பிறகும் யாரும் உடனே கிளம்ப மாட்டார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. ஆசிரியை ஆளுக்கொரு மருந்திட்ட சிறு குப்பி கொடுத்தார். அதில் குடிநீரைக் கோடு வரை நிரப்பி மூடிவைத்தால், மலக்கிருமி கலந்த நீர் ஓரிரு நாளில் கறுத்துவிடும். தண்ணீர் பிடிக்கும் முறையை அவர் ஒவ்வொரு படியாக விளக்கிக்கொண்டிருந்தார். நானோ கண்காட்சி மேடையில் பேசப்போகும் உரையின் முதல் வரியை மனத்துக்குள் செதுக்கிக்கொண்டிருந்தேன்.

குப்பியோடு அத்தை வீட்டுப் பம்படிக்குப் போனேன். அத்தை ஆவலோடு வந்து, தான் பம்பை அடித்துத் தருவதாகச் சொன்னார். தண்ணீருக்கு உரியவர் கை வைத்தால் முடிவு செல்லாது என்று தடுத்துவிட்டேன். ஒரு கையால் அடித்து மறு கையால் குப்பியைப் பிடிக்க வேண்டியிருந்ததால், மூடியைப் பம்பு மேடையில் கவிழ்த்து வைத்தேன். அத்தையின் கோழிகள் பகலெல்லாம் உலவுகிற மேடை அது.

“அந்த மூடிய…” என்று அத்தை தொடங்கினார். நீதிபதியைப் போல் கையை உயர்த்தினேன். அவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் என் குப்பி மையாகக் கறுத்திருந்தது. வகுப்பிலேயே கறுத்தது அது ஒன்றுதான். எனக்கு வருத்தம் உண்டாகவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றவர்களின் தெளிந்த குப்பிகளை வைத்துக்கொண்டு ஒருவர் என்னதான் பேசிவிட முடியும்?

கண்காட்சி நாளன்று அத்தை திருவிழாப் புடவை கட்டி முன்வரிசையில் அமர்ந்திருந்தார். தெளிந்ததெல்லாம் தூயதாகுமா, பழகியதெல்லாம் பாதுகாப்பாகுமா என்று முழங்கி, குப்பியை உயர்த்திக் காட்டினேன். அது யார் வீட்டுத் தண்ணீர் என்பதையும் சொன்னேன். முதலில் ஒரே ஒருவர்தான் கைதட்டினார். அத்தைதான். அவரைப் பார்த்த பிறகே மற்றவர்கள் தட்டினார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அத்தை என் தம்ளரை வாங்கிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்: “இன்னொரு தரம் புடிச்சிட்டுப் போயேன்டி கண்ணு. நான் கிட்டகூட வரல. வூட்டுக்குள்ளயே இருந்துக்கறேன்.”

“விஞ்ஞானத்துக்கு அத்தையும் கெடையாது, மாமாவும் கெடையாது அத்த.”

அவர் சிரித்தார். “நல்லா பேசறடி,” என்றார்.

அதற்கு முன்பு, பெருந்தொற்றின்போது வீடு வீடாக வந்து கெஞ்சிய நர்ஸம்மாவை நம்பாத தெரு எங்கள் தெரு. ஊசி போட்டால் என்னென்ன ஆகும் என்று வாட்ஸ்அப்பில் வந்தவற்றை வரி பிசகாமல் நம்பிய தெரு. அதே தெரு ஒரு சிறுமியின் கறுத்த குப்பியை ஒரே மாலையில் நம்பியது. விஞ்ஞானம் வென்றுவிட்டது என்று நான் பூரித்தேன். இரண்டு முறையும் அச்சம் இருந்த பக்கமே தெரு நின்றது என்பது எனக்குப் புலப்படவில்லை.

எதிர்வீட்டு அக்கா தண்ணீர் கேனை இறக்கிக்கொண்டே அத்தையைப் பார்த்து, “இன்னா பெரிம்மா, இத்தினி வருசமா எங்க வயித்துலயா டெஸ்ட் பண்ணிப் பாத்த?” என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் அதன்பின் அவர் பம்படிக்கு வரவில்லை, மற்றவர்களும் வரவில்லை. அத்தை சில மாதங்கள் கீரையோடு படியில் வந்து அமர்ந்தார். பிறகு கீரையை வீட்டுக்குள்ளேயே ஆய்ந்தார். அடுத்த ஆண்டு மகளோடு இருக்கக் கடலூருக்குப் போய்விட்டார். பம்பின் கைப்பிடியை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். விடியலில் என்னை எழுப்பிவந்த அந்தக் கிறீச்சொலி நின்றுபோனது. கைதட்டல் எத்தனையோ கேட்டுவிட்டேன். அந்த ஒலியைக் கேட்கத்தான் இப்போது ஏங்குகிறேன்.

கல்லூரியின் முதல் ஆய்வக வகுப்பில் பேராசிரியர் இரண்டு விதிகள் சொன்னார். மூடியின் உட்புறம் எதன்மேலும் படக் கூடாது. ஒரே ஒரு முறை செய்து பார்த்ததைச் சோதனை என்று சொல்லக் கூடாது. என் கையிலிருந்த மூடியோடு நான் நின்றுவிட்டேன். அத்தை வீட்டுத் தண்ணீர் நல்லதா கெட்டதா? எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

அன்று மாலை கடலூருக்குத் தொலைபேசியில் அழைத்து, மூடியைப் பற்றி அன்று என்ன சொல்ல வந்தார் என்று கேட்டேன்.

“நீ மூடியக் கவுத்து வெச்ச எடத்த அப்பதான் கோழி மிதிச்சிட்டுப் போச்சிடி. நான் பாத்தேன்,” என்றார். “அதெல்லாம் இன்னாத்துக்கு இப்போ? நீ சாப்ட்டியா?”

அப்படியானால் முன்வரிசையில் அமர்ந்திருந்தபோதும் அவருக்கு அது தெரிந்தே இருந்தது. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பம்பு பிழைத்திருக்கும். தம்ளர் வேறொருவர் வீட்டுக்குப் போயிருக்கும். அவர் கைதட்டினார். என் வாதத்துக்குப் பணிந்துதான் தட்டுகிறார் என்று எண்ணிய நான், வென்றவர்கள் தோற்றவர்களுக்குச் செய்யும் மரியாதையாக, மேடையிலிருந்தே அவரைப் பார்த்துத் தலையசைத்தேன்.