சித்தப்பா வீட்டு மாடியில் எங்கள் டிஷ்

அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிந்து, மதுரையில் ஆபரேஷன் முடித்து ஊருக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். தினமும் எழுந்து உட்கார வேண்டும், காலைத் தொங்கப்போட வேண்டும், இல்லாவிட்டால் நடை வராது. அப்பா உட்காருவது டிவி பார்க்க மட்டும்தான். செய்திச் சேனலில் விவாதம் ஓடினால் எல்லாக் கட்சிக்காரரையும் எதிர்த்துப் பேசிக்கொண்டு ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்திருப்பார். டிவி இல்லையென்றால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். எங்கள் வீட்டு டிவியில் படம் வரவில்லை.

எங்கள் ஊர் மேலூரைத் தாண்டி, மினி பஸ் மட்டும் வருகிற ஊர். நாலு வீட்டுக்காக அவ்வளவு தூரம் வயர் இழுக்க முடியாது என்று கேபிள்காரர் எப்போதோ கைவிரித்துவிட்டார். அதனால் டிஷ் வாங்கி மாட்டினோம். கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு மழை பெய்தது. வீட்டின்மேல் கவிந்து நிற்கிற கோயில் புளியமரம் தழைத்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்து, ஒருநாள் நின்றேபோனது.

ஒரு கொப்பை வெட்டினால் போதும். ஆனால் கோயில் மரமாயிற்றே, சாமியிடம் உத்தரவு கேட்க வேண்டும் என்றார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் கட்டி சந்நிதியில் போட்டு எடுத்தார்கள். வெள்ளை வந்தால் வெட்டலாம். சிவப்பு வந்தது. சாமிக்கு என்ன, தொடை எலும்பா முறிந்தது என்று கேட்க வாயெடுத்தேன், அம்மா முறைத்தாள்.

கம்பெனிக்கு ஃபோன் போட்டால், பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொல்லி ஒரு பெண் குரல் பதிவு ஓடும். டிஷ் மாட்டிய பையனைக் கூப்பிட்டால், "இந்தா வாரேன்க்கா, மேலூர் பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கிறேன்" என்பான். எப்போது கூப்பிட்டாலும் அதே பஸ் ஸ்டாண்டில்தான் நின்றான். என் ஆபீஸில் ஒருவர், அப்பாவைச் செய்தியை ஃபோனிலேயே பார்க்கச் சொல்லலாமே என்று யோசனை சொன்னார். எங்கள் ஊரில் ஃபோனில் ஒரு வார்த்தை பேசவே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடக்க வேண்டும் என்று அவருக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை.

தெருவில் மரம் மறைக்காத மாடி ஒன்றுதான். அது எதிர்வீடு. அப்பாவின் கூடப் பிறந்த தம்பி, என் சித்தப்பா வீடு. பொதுக் கிணற்றில் யார் முறைக்கு யார் மோட்டார் போட்டார் என்று இருவருக்கும் ஒரு சண்டை. அதிலிருந்து பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆபரேஷன் நடந்தபோதும் சித்தப்பா வந்து பார்க்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் உண்டு. இருந்தாலும் போய்க் கேட்டேன்.

"மாட்டிக்கத்தா. என் மாடி என்ன தேஞ்சா போயிரும்? ஆனா உங்கப்பன் மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன், அம்புட்டுத்தான்" என்றார்.

அப்பாவிடம் வந்து சொன்னால், "அவன் மாடியில இருந்து வர்ற படம் எனக்கு வேணாம். நான் படுத்தே கெடக்கேன்" என்றார்.

இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டலாமா என்றிருந்தது. நான் குடியிருக்கிற மதுரை செல்லூரிலிருந்து பஸ் மாறி மாறி, இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் இவர்களுக்குத் தாரை வார்த்துக்கொண்டிருந்தேன். யாரையும் கேட்காமல் உள்ளூர் எலெக்ட்ரீஷியனை வைத்து டிஷ்ஷை எதிர்மாடிக்கு மாற்றி, தெருவுக்குக் குறுக்கே வயரை இழுத்துவிட்டேன். படம் வந்தது. அப்பா முகம் கொடுக்கவில்லை. மறுநாள் செய்தி நேரத்துக்குத் தானாக எழுந்து உட்கார்ந்தார் என்று அம்மா சொன்னாள். ஒன்றும் கேட்காதே, மறுபடி படுத்துவிடுவார் என்றேன்.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. அறுப்பு முடிந்து வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வயரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. டிஷ் கோணிக்கொண்டது. எலெக்ட்ரீஷியன் வெளியூரில் இருந்தார். அடுத்த ஞாயிறு நானே வயரை ஒட்டுப்போட்டேன். டிஷ்ஷைத் திருப்பச் சித்தப்பா மாடியேறினார். பெட்டியில் படம் வருகிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே. அப்பா என்னிடம் சொல்வார், நான் தெருவுக்கு ஓடிவந்து மாடிக்குச் சொல்வேன். சித்தப்பா திருப்புவார். நான் மறுபடி உள்ளே ஓடுவேன். உச்சி வெயில். ஒரு கட்டத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டு பேருக்கும் வாய் இருக்குல்ல? நீங்களே பேசித் தொலைங்க!" என்று தெரு நடுவில் நின்று கத்திவிட்டு, எங்கள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

 பிறகு மாடியிலிருந்து, யாரிடமென்றே இல்லாமல், "இப்ப எப்படி இருக்கு?" என்று குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல" என்றார் அப்பா ஜன்னல் வழியாக.

"இப்ப?"

"கெழக்கால திருப்பச் சொல்லு."

"கெழக்கதான் திருப்பியிருக்கேன்."

"கெழக்கு எதுன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

"மோட்டாரு போட்டாலும் தப்பு, டிஷ்ஷு திருப்புனாலும் தப்பா? கொஞ்சம் பொறுண்ணே, கை வலிக்குது."

அந்த அண்ணேயைக் கேட்டதும் நான் நிமிர்ந்து பார்த்தேன். சித்தப்பா ஒன்றும் நடக்காதவர்போல டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. அப்பா கோபித்துக்கொண்டு படுத்துவிட்டாரோ என்று பயந்து உள்ளே போனேன்.

அவர் படுக்கவில்லை. காலைத் தரையில் ஊன்றி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிவியில் படம் வந்திருந்தது. செய்தி வாசிக்கிற பெண்ணின் நெற்றிப்பொட்டுகூடத் துல்லியமாகத் தெரிந்தது. சத்தத்தை மட்டும் அப்பா நிறுத்தி வைத்திருந்தார். வந்துவிட்டதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். பேசாதே என்று எனக்குக் கையைக் காட்டிவிட்டு, ஜன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டு கத்தினார்.

"இன்னும் வரலடா. இன்னுங் கொஞ்சம் திருப்பிப் பாரு."

சித்தப்பா திருப்பினார். அருமையாக வந்துகொண்டிருந்த படம் போய்விட்டது.