பிடுங்கிய பல்லின் வலி

எங்கள் அத்தைக்குப் பல்வலி வந்தது தொண்ணூறுகளின் நடுவில், நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது. விசித்திரமான வலி. மென்றால் வராது, ஐஸ் தின்றாலும் வராது. துடியலூரில் எங்கள் மாடி வீட்டுப் படி ஏறினால் இடது தாடையில் வரும், உட்கார்ந்தால் போய்விடும். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார். சர்க்கரைக்காரர் என்பதால் புண் ஆற நாளானது.

ஆறியதும் எல்லோரும் மருதமலைக்குப் போனோம். பஸ் இருந்தும், படியேறித்தான் போக வேண்டும் என்பது அத்தை வீட்டு மாமாவின் கட்டளை. பாதியில் அத்தை உட்கார்ந்து தாடையைப் பிடித்துக்கொண்டார். காற்று சில்லென்று வீசியது. அத்தைக்கோ ரவிக்கை நனைய வியர்த்திருந்தது.

"என்ன அம்மணி, மறுபடியும் பல்லா?" என்றார் மாமா.

"அதே எடந்தானுங்க."

"புடுங்கிப்போட்ட பல்லு எப்படி வலிக்கும்? டாக்டரு ஊட்டுலயல்ல வலிக்கோணும்!"

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த மாமா அத்தையின் முகத்தைப் பார்த்தார். "புடுங்கின பல்லு எப்படி வலிக்கும்?" என்று மறுபடி கேட்டார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவரும் அப்பாவுமாக அத்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

"ஏனுங்க, எல்லாரும் பாக்கறாங்க, எறக்கி உடுங்க" என்று அத்தை கடைசிப் படிவரை கெஞ்சினார்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்த டாக்டர், வலி பல்லில் இல்லை, இதயத்தில் என்றார். நேரத்தோடு வந்ததால் அத்தை பிழைத்தார். இன்றும் மேட்டுப்பாளையத்தில் மாமாவை மிரட்டிக்கொண்டு நலமாக இருக்கிறார்.

வலி அடங்கிய பிறகு டாக்டர், குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று கேட்டார்.

"அப்படியெல்லாம் இல்லீங்க" என்றார் அத்தை. "எங்கப்பாவுக்குக் கொடுத்துவெச்ச சாவுங்க. ஒரு நாள் படுக்கலீங்க. காப்பித் தம்ளரக் கையில வாங்குனவரு அப்படியே போயிட்டாருங்க."

எங்கள் வீட்டின் பெரிய பெருமை அது.

"அப்ப என்ன வயசும்மா?"

"நாப்பத்தஞ்சுங்க."

டாக்டரின் பேனா நின்றது. இப்போதெல்லாம் எந்த டாக்டர் கேட்டாலும் அந்த வயதைத்தான் முதலில் சொல்கிறேன். அன்றைக்கோ, இவ்வளவு நல்ல சாவை அவர் ஏன் பாராட்டவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் என் அப்பாவின் பக்கம் திரும்பி, "நீங்க அவரு பையனுங்களா?" என்றார். அப்பா தலையாட்டினார்.

என்னை விட்டுவிட்டாரே என்று முன்னால் நகர்ந்தேன்.

"நானும் அவரு பேத்திதானுங்க."